எல்லாம் இரண்டாகத் தெரிகிறதா? பிரிசம் கண்ணாடி யாருக்கு, எப்போது, எப்படி உதவும்

"எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்று வீட்டில் பெரியவர் ஒருவர் சொன்னால், "தண்ணி போட்டீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. இந்தக் கிண்டலுக்குப் பயந்தே பலர் விஷயத்தை வெளியில் சொல்வதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பத்திரிகை படிக்கிறார்கள், படி இறங்குகிறார்கள், ஏன், மோட்டார் சைக்கிள்கூட ஓட்டுகிறார்கள்.

இரட்டைப் பார்வை என்பது ஓர் அறிகுறி. சில சமயம் அதன் காரணம் சாதாரணமானது. சில சமயம் அன்றைய தினமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காரணமாக இருக்கும். காரணம் எதுவானாலும், இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்க உதவும் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் பெயர் பிரிசம் கண்ணாடி. பள்ளி அறிவியல் பாடத்தில் முப்பட்டகம் என்று படித்திருப்போமே, அதே பொருள்தான் மூக்குக் கண்ணாடிக்குள் வருகிறது.

இப்படி ஒன்று இருப்பதே நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ சில சமயம் மருத்துவரைப் பார்க்காமல் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் கண்ணாடி. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் போகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை

இரட்டையாகத் தெரியும்போது முதலில் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்துவிட்டு மற்றக் கண்ணை மூடுங்கள்.

எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்து ஒரே உருவம் தெரிந்தால், ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகச் சரியாகவே பார்க்கிறது. இரண்டும் ஒரே திசையை நோக்கி நிற்கவில்லை என்பதுதான் கோளாறு. பிரிசம் கண்ணாடி இந்த வகைக்கு உரியது.

மாறாக, ஒரு கண்ணை மூடிய பிறகும் திறந்திருக்கும் கண்ணில் நிழல் போல இரட்டை நீடித்தால், கோளாறு அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கண்புரை, சரிசெய்யப்படாத சிதறல் பார்வை, கண் வறட்சி, கருவிழியில் தழும்பு போன்றவை காரணமாகலாம். இதற்குப் பிரிசம் பயன்படாது. கண்புரை அறுவை சிகிச்சை, சரியான பவர் கண்ணாடி, சொட்டு மருந்து என்று வழி வேறு.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. முடிவை நினைவில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொன்னால், அவருடைய தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

இரண்டு கண்ணும் ஒரு உருவமும்

நமக்கு இரண்டு கண்கள் இருப்பதால், மூளைக்கு எப்போதும் இரண்டு படங்கள் போகின்றன. இரண்டு கண்ணும் ஒரே பொருளை நேராக நோக்கினால், மூளை இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி ஒரே உருவமாக்கிக் கொடுக்கிறது. அதோடு, பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஆழ உணர்வையும் தருகிறது.

ஒரு விரலை முகத்துக்கு அருகே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். விரல் இரண்டாகத் தெரியும். இது எல்லாருக்கும் தெரிவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. கண்கள் கடிகாரத்தை நோக்கித் திரும்பியிருப்பதால் விரலின் இரண்டு படங்களும் பொருந்தவில்லை. இரட்டைப் பார்வை உள்ளவருக்கோ, அவர் நேராகப் பார்க்கும் பொருளே இப்படிப் பிரிந்து நிற்கிறது.

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. இந்தத் தசைகளுக்கு மூளையிலிருந்து கட்டளை கொண்டுவருபவை மூன்று நரம்புகள். மருத்துவர்கள் இவற்றை 3-ஆம், 4-ஆம், 6-ஆம் மூளை நரம்புகள் என்பார்கள். தசை, நரம்பு, நரம்புக்குக் கட்டளை தரும் மூளைப் பகுதி ஆகியவற்றில் எங்கே பழுது ஏற்பட்டாலும் இரண்டு கண்களும் திசை மாறி நிற்கும்.

நம்மிடையே அதிகம் காணும் காரணங்கள்

இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் முதலில் வருகின்றன. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். கண்ணை அசைக்கும் நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் மிக நுண்ணிய குழாய் அடைபட்டால், ஒரே நாளில் நரம்பு செயலிழக்கும். நேற்று இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் எழுந்ததும் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்பார். நல்ல செய்தி என்னவென்றால், இந்த வகை பெரும்பாலும் தானாகவே குணமாகும். பலருக்கு 3 மாதத்தில் சரியாகிவிடும், சிலருக்கு 6 மாதம்வரை ஆகும். அந்த இடைக்காலத்தில் வேலையும் நடமாட்டமும் நின்றுவிடாமல் இருக்கப் பிரிசம் கைகொடுக்கும்.

தலையில் அடிபடுவது அடுத்த காரணம். சாலை விபத்து, மரத்திலிருந்து விழுதல், வேலையிடத்தில் தலையில் அடி ஆகியவற்றுக்குப் பிறகு 4-ஆம் நரம்போ 6-ஆம் நரம்போ பாதிக்கப்படலாம். 4-ஆம் நரம்பு பாதித்தவருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக, மேலும் கீழுமாக இரண்டு உருவங்கள் தெரியும். படி இறங்கும்போதும் புத்தகம் படிக்கும்போதும் தொல்லை அதிகமாகும். அதைச் சமாளிக்கத் தலையை ஒரு தோள் பக்கம் சாய்த்தே வைத்திருப்பார். 6-ஆம் நரம்பு பாதித்தவருக்குப் பக்கம் பக்கமாக இரண்டு உருவங்கள் தெரியும். தூரத்தில் பார்க்கும்போது அது கூடும், கிட்டத்தில் குறையும்.

தைராய்டு கோளாறு கண் தசைகளை வீங்கி இறுகச் செய்யும். கண் முன்னால் பிதுங்கியது போலவும் இருக்கும். மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோயில் காலையில் பார்வை சரியாக இருந்து, மாலையில் இமை தொங்கி இரட்டை தெரியும். பக்கவாதமும் ஒரு காரணமே.

வயதானவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கண் தசைகளை அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும் இணைப்புகள் வயதாக ஆகத் தளர்ந்து, தசை சற்றே இறங்கிவிடும். தொலைக்காட்சியின் எழுத்துகளும் எதிரே வரும் வாகனத்தின் விளக்குகளும் இரண்டாகத் தெரியும். இது சிறிய விலகல் என்பதால் பிரிசம் இதற்கு நன்றாக உதவும்.

சிறு வயதிலிருந்தே மறைந்திருந்த மாறுகண் நாற்பது, ஐம்பது வயதில் வெளிப்படுவதும் உண்டு. அதுவரை மூளை தன் முயற்சியால் இரண்டு படங்களையும் சேர்த்துவந்தது. வயதும் களைப்பும் கூடும்போது அந்த முயற்சி தோற்றுவிடுகிறது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

இரட்டைப் பார்வை திடீரென்று வந்து, கீழ்க்கண்டவற்றில் ஒன்றாவது கூடவே இருந்தால் காத்திருக்கக் கூடாது. 999-ஐ அழைக்கவும், அல்லது அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போகவும்.

• இதுவரை இல்லாத கடுமையான தலைவலி

• ஒரு கண்ணின் இமை தொங்கிப்போவது, குறிப்பாக அந்தக் கண்ணின் கண்மணி மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருப்பது. மூளை இரத்தக் குழாயில் ஏற்பட்ட வீக்கம் நரம்பை அழுத்துவதால் இது வரலாம். அந்த வீக்கம் வெடித்தால் உயிருக்கு ஆபத்து.

• வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், நடையில் தள்ளாட்டம்

• தலையில் அடிபட்ட பிறகு வந்த இரட்டைப் பார்வை

• விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம்

• தலைவலியுடன் வாந்தி, பார்வை அடிக்கடி மங்கி மீள்வது

• ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டில் வலி, உணவை மெல்லும்போது தாடை வலி

இவை எதுவும் இல்லாவிட்டாலும், புதிதாக வந்த இரட்டைப் பார்வையை ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். தோட்டத்தில் இருப்பவர்கள் டிரெசரிடம் சொல்லலாம், அல்லது கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகலாம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தேவைப்பட்டால் தைராய்டு சோதனை, மூளை ஸ்கேன் ஆகியவற்றைச் செய்து காரணத்தைத் தேடுவார்கள்.

பிரிசம் என்ன செய்கிறது?

பிரிசம் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெல்லியதாக இருக்கும் கண்ணாடித் துண்டு. அதற்குள் நுழையும் ஒளி தடித்த பக்கத்தை நோக்கி வளைகிறது. அதன் வழியாகப் பார்ப்பவருக்கோ, பொருள் மெல்லிய பக்கத்தை நோக்கி நகர்ந்தது போலத் தெரியும்.

வலது கண்ணின் 6-ஆம் நரம்பு செயலிழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வலது கண் மூக்குப் பக்கம் திரும்பி நிற்கிறது. நேர் எதிரே வரும் லோரியை இடது கண் சரியான இடத்தில் பார்க்கிறது. வலது கண்ணுக்கோ அதே லோரி வலப்பக்கம் தள்ளித் தெரிகிறது. ஆக, சாலையில் இரண்டு லோரி.

இப்போது வலது கண்ணுக்கு முன்னால், தடித்த பக்கம் காதை நோக்கி இருக்குமாறு ஒரு பிரிசத்தை வைக்கிறோம். வலது கண் பார்க்கும் லோரி மூக்குப் பக்கமாக நகர்கிறது. பிரிசத்தின் பலம் சரியாக இருந்தால், அது இடது கண்ணின் லோரியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. சாலையில் ஒரே லோரி.

கண் அப்படியேதான் திரும்பி நிற்கிறது. பிரிசம் கண்ணை நேராக்குவதில்லை, நரம்பைக் குணப்படுத்துவதும் இல்லை. கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்த இடத்துக்குப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. நடக்க முடியாதவருக்கு ஊன்றுகோல் எப்படியோ, அப்படி. கண்ணாடியைக் கழற்றினால் இரட்டை திரும்ப வரும். அதைப் பார்த்துக் கண் கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம்.

எந்தப் பக்கம் தடிப்பு என்பது கோளாற்றைப் பொறுத்தது. கண் உள்நோக்கித் திரும்பினால் தடித்த பக்கம் காதுப் பக்கம், கண் வெளிநோக்கித் திரும்பினால் மூக்குப் பக்கம். ஒரு கண் மற்றதைவிட உயர்ந்து நின்றால், அந்தக் கண்ணுக்குத் தடித்த பக்கம் கீழே. மருந்துச் சீட்டில் 'பேஸ் அவுட்', 'பேஸ் இன்', 'பேஸ் டவுன்', 'பேஸ் அப்' என்று எழுதுவது இதைத்தான். 'பேஸ்' என்றால் தடித்த அடிப்பக்கம்.

பலத்தை அளக்கும் அலகு பிரிசம் டயாப்டர். 1 டயாப்டர் பிரிசம், 1 மீட்டர் தூரத்தில் படத்தை 1 சென்டிமீட்டர் நகர்த்தும். 10 டயாப்டர் என்றால் 1 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 6 மீட்டரில் 60 சென்டிமீட்டர். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்குச் சொல்லும் பவரும் டயாப்டர்தான். ஆனால் இரண்டும் வெவ்வேறு அளவுகள். ஒரே கண்ணாடியில் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்.

கண் பிரிவில் என்ன நடக்கும்?

முதலில் கேள்விகள் வரும். எப்போது தொடங்கியது, பக்கம் பக்கமாகவா மேல் கீழாகவா, தூரத்திலா கிட்டத்திலா, காலையிலா மாலையிலா என்று கேட்பார்கள். பிறகு பேனாவையோ விளக்கையோ காட்டி, எல்லாத் திசைகளிலும் கண்களை அசைக்கச் சொல்வார்கள்.

அடுத்து ஒரு கண்ணை மூடித் திறந்து, கண் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார்கள். பலம் கூடிக்கொண்டே போகும் பிரிசங்களை வரிசையாக அடுக்கிய ஒரு பட்டையைக் கண்ணுக்கு முன்னால் மெல்ல நகர்த்துவார்கள். எந்தப் பிரிசத்தில் கண்ணின் அசைவு நிற்கிறதோ, அதுவே விலகலின் அளவு. வலி இல்லாத சோதனை இது.

முழு விலகலுக்கும் பிரிசம் எழுத வேண்டியதில்லை. உருவம் ஒன்றாகி வசதியாக இருக்கும் மிகக் குறைந்த பலத்தையே தேடுவார்கள், ஏனென்றால் மூளையும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். சோதனைச் சட்டத்தில் அந்தப் பிரிசத்தைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் உட்காரவும் நடக்கவும் சொல்வார்கள். அவசரப்படாமல் நடந்து, படிக்கட்டு, கதவு, சுவரில் உள்ள எழுத்து என எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இருப்பதை இருப்பபடி சொல்லுங்கள். டாக்டர் மனம் கோணக்கூடாது என்று "நல்லா இருக்கு" என்று தலையாட்டிவிட்டு வந்தால், செலவு உங்களுடையது.

உங்கள் வேலை என்ன என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். செம்பனைக் குலை வெட்டுபவர் நாள் முழுவதும் அண்ணாந்து பார்க்கிறார். லோரி ஓட்டுநர் தூரத்தையும் பக்கக் கண்ணாடியையும் பார்க்கிறார். தையல் வேலை செய்பவர் குனிந்து கிட்டத்தில் பார்க்கிறார். நரம்புக் கோளாற்றில், பார்க்கும் திசைக்கு ஏற்ப விலகலின் அளவு மாறும். நேர்ப் பார்வைக்குச் செய்த கண்ணாடி அண்ணாந்து பார்க்கும்போது உதவாமல் போகலாம். வேலையைச் சொன்னால்தான் எந்தத் திசைக்கு முதலிடம் என்று முடிவு செய்ய முடியும்.

ஒட்டும் பிரிசம், உள்ளே செதுக்கிய பிரிசம்

பிரிசம் கண்ணாடியில் இரண்டு வகை உண்டு.

ஒட்டும் பிரிசம் என்பது சுமார் 1 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகடு. நீங்கள் ஏற்கெனவே போட்டிருக்கும் கண்ணாடியின் உட்புறத்தில், லென்ஸ் வடிவத்துக்கு வெட்டித் தண்ணீர் தொட்டு ஒட்டிவிடுவார்கள். பசை தேவையில்லை. இதன் பெயர் ஃபிரெனல் பிரிசம். பிரெஞ்சு அறிவியலாளர் அகஸ்டின் ஃபிரெனல் 1820-களில் கலங்கரை விளக்கங்களுக்காக ஒரு வழி கண்டார். தடித்த, கனமான லென்ஸை அப்படியே வைக்காமல் பல சிறிய பட்டைகளாகப் பிரித்து அடுக்கினார். அதே யோசனைதான் இந்தத் தகட்டிலும். ஒரு பெரிய பிரிசத்துக்குப் பதிலாக நூற்றுக்கணக்கில் அல்ல, கண்ணுக்குத் தெரியும் கோடுகளாகப் பல சிறிய பிரிசங்கள் வரிசையாக நிற்கின்றன.

இதன் நன்மை, 40 டயாப்டர்வரை பலம் கிடைக்கும். விலகல் மாறினால் தகட்டை உரித்து வேறு ஒட்டலாம். இனிப்பு நீரால் வந்த நரம்புக் கோளாறு போல, சில மாதங்களில் மாறக்கூடிய நிலைக்கு இதுவே பொருத்தம். குறை, பார்வையின் கூர்மை கொஞ்சம் மங்கும். பலம் கூடக்கூட மங்கலும் கூடும். அதனால் பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு மட்டுமே ஒட்டுவார்கள்.

உள்ளே செதுக்கிய பிரிசம் என்பது லென்ஸ் செய்யும்போதே அதற்குள் வடிவமைக்கப்படுவது. வெளியில் பார்க்க வழக்கமான மூக்குக் கண்ணாடி போலவே இருக்கும், பார்வையும் தெளிவாக இருக்கும். ஆனால் பலம் கூடினால் லென்ஸின் ஒரு பக்கம் தடித்துக் கனக்கும். ஒரு லென்ஸுக்கு 10 டயாப்டர் அளவைத் தாண்டினால் போடுவது சிரமம். அதனால் பலத்தை இரண்டு கண்களுக்கும் பங்கிடுவார்கள். 8 டயாப்டர் தேவை என்றால் வலதுக்கு 4, இடதுக்கு 4. "ஒரு கண்ணுக்குத்தானே கோளாறு, ஏன் இரண்டிலும் போட்டிருக்கிறார்கள்?" என்ற சந்தேகத்துக்குப் பதில் இதுதான்.

விலகல் நிலையாகிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகே இந்த இரண்டாவது வகையைச் செய்வது நல்லது. அதற்குமுன் செய்தால், இரண்டு மாதத்தில் அளவு மாறி, கண்ணாடி அலமாரியில் கிடக்கும்.

கண்ணாடி செய்யும்போது கவனிக்க வேண்டியவை

மலேசியாவில் கண் பரிசோதனை செய்பவர்களும் கண்ணாடி செய்து தருபவர்களும் 1991-ஆம் ஆண்டின் ஆப்டிகல் சட்டத்தின் கீழ் மலேசிய ஆப்டிகல் மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிரிசம் கண்ணாடிக்குப் பட்டப்படிப்பு முடித்த, பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்கும் கடையைத் தேடுங்கள். சான்றிதழ் கடைச் சுவரில் மாட்டியிருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சிறிய சட்டமாகத் தேர்ந்தெடுங்கள். பெரிய சட்டத்தில் லென்ஸின் ஓரத் தடிப்பு அதிகமாகத் தெரியும், மூக்கிலும் கனக்கும். தூரத்துக்கும் படிப்பதற்கும் வேறு வேறு பிரிசம் தேவைப்பட்டால், இரண்டு தனிக் கண்ணாடிகள் வைத்துக்கொள்வது பலருக்கு வசதியாக இருக்கிறது.

வழக்கமான கண்ணாடியே சில சமயம் தேவையில்லாத பிரிசமாக மாறிவிடுவதும் உண்டு. லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக இருக்க வேண்டும். மையம் விலகினால், விலகிய சென்டிமீட்டரைப் பவரால் பெருக்கிய அளவுக்குப் பிரிசம் உண்டாகும். 6 டயாப்டர் பவர் உள்ள லென்ஸில் மையம் அரை சென்டிமீட்டர் தள்ளிப்போனால், 3 டயாப்டர் பிரிசம் வந்துவிடும். புதுக் கண்ணாடி போட்ட நாளிலிருந்து தலைவலியோ இரட்டைப் பார்வையோ இருந்தால், "பழகிவிடும்" என்று பொறுக்காமல் கடைக்கே எடுத்துப்போய் மையத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சந்தையில் வாங்கும் தயார்க் கண்ணாடிகளிலும் இந்தச் சிக்கல் வரும்.

செலவைப் பொறுத்தவரை, அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி, ஆஸ்பத்திரியின் நிபுணர் பிரிவில் 5 வெள்ளி. கண்ணாடியைப் பொதுவாகச் சொந்தச் செலவில்தான் செய்ய வேண்டும். கடைக்குக் கடை விலை வேறுபடும். இரண்டு மூன்று இடங்களில் எழுத்தில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வேலையிடத்திலோ வேலைக்குப் போய்வரும் வழியிலோ நடந்த விபத்தால் இந்தக் கோளாறு வந்திருந்தால், பெர்கேசோ அலுவலகத்தில் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். மருத்துவ அறிக்கை, விபத்துப் புகார் நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

போட்டுப் பழகும் முதல் நாள்கள்

முதல் சில நாள்களுக்குத் தரை சாய்ந்தது போலவும், கதவுச் சட்டம் வளைந்தது போலவும் தெரியலாம். விளக்குகளின் ஓரத்தில் வானவில் நிறக் கோடு தெரியலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மூளை பழகிவிடும். அதுவரை படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழிந்தும் தலைசுற்றல் நீடித்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

மருத்துவர் சம்மதிக்கும்வரை கார், லோரி, மோட்டார் சைக்கிள் எதையும் ஓட்டக் கூடாது. உயரத்தில் ஏறும் வேலை, வெட்டும் இயந்திரம், கூர்மையான அரிவாள் ஆகியவற்றுக்கும் இதே விதி. மண்டோரிடமோ மேலாளரிடமோ மருத்துவர் கடிதத்தைக் காட்டித் தற்காலிகமாக வேறு வேலை கேட்பது, விரலை இழப்பதைவிட மேல்.

ஒட்டும் பிரிசத்தைத் துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கோடுகளுக்கிடையே உள்ள அழுக்கை மென்மையான பிரஷால் எடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். கழன்று விழுந்தால் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று தெரியாமல் நீங்களே ஒட்ட வேண்டாம். திசை மாறினால் இரட்டை இன்னும் விரிந்துவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பிரிசம் உதவாத இடங்கள்

விலகல் மிகப் பெரியதாக இருந்தால் பிரிசம் போதாது. ஒரு உருவம் நேராகவும் மற்றது சாய்ந்தும் தெரிந்தால், அந்தச் சாய்வைப் பிரிசத்தால் நிமிர்த்த முடியாது, ஏனென்றால் அது படத்தை நகர்த்துமே தவிரச் சுழற்றாது. மயஸ்தீனியா போல மணிக்கு மணி மாறும் விலகலுக்கு ஒரே அளவுப் பிரிசம் பிடிபடாது. நோய்க்கான மருந்துதான் அங்கே முக்கியம்.

அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஒரு கண்ணை மறைக்கும் பட்டை, லென்ஸில் ஒட்டும் மங்கலான டேப், தசையில் போடும் போட்டுலினம் ஊசி, கண் தசை அறுவை சிகிச்சை ஆகியவை அவை. விலகல் பல மாதம் ஒரே அளவில் நிலைத்த பிறகே பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்வார்கள். அதற்குப் பிறகு மிஞ்சும் சிறு விலகலுக்குப் பிரிசம் போடுவதும் உண்டு.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை

பிள்ளைக்கு மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்ற பேச்சு நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அது பிள்ளையின் பார்வையைப் பறிக்கும் பேச்சு. சிறு பிள்ளைகள் பெரும்பாலும் இரட்டையாகத் தெரிகிறது என்று சொல்வதில்லை, ஏனென்றால் அவர்களுடைய மூளை திரும்பிய கண்ணின் படத்தை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட கண் நாளடைவில் பார்க்கக் கற்காமலே சோம்பேறிக் கண்ணாகிவிடும். சிறு வயதிலேயே சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம், தள்ளிப்போட்டால் குறையும். ஆகவே மாறுகண் தெரிந்தவுடன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளை படிப்பில் பின்தங்கினால் பிரிசம் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். கிட்டத்தில் இரண்டு கண்களையும் குவிக்க முடியாத பிள்ளைகளுக்குப் படிப்பதற்கான பிரிசம் கண்ணாடியை வழக்கமான கண்ணாடியோடு ஒப்பிட்டுச் சோதித்து, 2005-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், பிரிசத்தால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அத்தகைய பிள்ளைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் செய்யும் கண் பயிற்சியே முதல் வழி.

மருத்துவரிடம் போகும்போது

• சாப்பிடும் மருந்துகள் அனைத்தும், இனிப்பு நீர்ப் புத்தகம், கடைசி இரத்தச் சோதனை முடிவு

• இப்போது போடும் கண்ணாடியும் பழைய கண்ணாடியும்

• பத்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சில புகைப்படங்கள். கல்யாண ஆல்பத்தில் தலை அப்போதே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், கோளாறு பழையது என்று மருத்துவர் புரிந்துகொள்வார். சில சமயம் தேவையில்லாத ஸ்கேனும் அச்சமும் மிச்சமாகும்.

• எப்போது, எந்தத் திசையில், எந்தத் தூரத்தில் இரண்டாகத் தெரிகிறது என்று எழுதிய ஒரு தாள்

• உடன் வர ஒருவர். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்டி வீடு திரும்ப முடியாது.

வீட்டில் யாராவது ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தால், தலையைச் சாய்த்தே நடந்தால், தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினால், கிண்டல் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "ரெண்டா தெரியுதாப்பா?" என்ற அந்த ஒரு கேள்வி, அவர்கள் பல மாதமாக அடக்கி வைத்திருந்ததை வெளியே கொண்டுவரும். அடுத்த நாள் கிளினிக்குக்கு அழைத்துப் போவது நம் வேலை.